கவுல் நின்ற நேரம்

ஓடுகிறோம். காப்பி எரிகிற வாசனை பின்னால் துரத்துகிறது. நல்ல வாசனை. அதுதான் கொடுமை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது காப்பி வறுத்தால் என் கால் தானாக எழுந்து நிற்கிறது.

கீலக வருஷம், இங்கிலீஷ் கணக்கில் 1848. ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. வெயில் மலைமுகட்டைத் தாண்டி, கூலி வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரையைத் தொட்ட நேரம். முதலில் சங்கு, ஒரே ஒரு முறை. பிறகு தம்பட்டம், விடாமல். பிறகு வெடி. ஒன்று. இடைவெளி. இரண்டு சேர்ந்து. காப்பி ஸ்டோர்க் கூரை பற்றிக்கொண்டது. தோட்டத்துத் துரை முந்தின நாளே குதிரையேறிப் போய்விட்டார். கங்காணி அவருக்குப் பின்னால் போனார். எங்களிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆத்துப் பக்கம் ஓடுங்க! காட்டுக்குள்ள போகாதீங்க! ஆத்துப் பக்கம்!"

கத்துவது சடையன். என் ஊர்க்காரன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து என்னோடு ஒரே கூட்டமாக நடந்து வந்து, ஒரே தோணியில் கடல் கடந்தவன்.

என் தோளில் முத்தம்மா. மூன்று வயது. அழவில்லை. என் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தாய், என் பெண்டாட்டி காத்தாயி, லயத்தில் இருக்கிறாள். எட்டு மாதம். மூன்று நாளாகக் கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு அடி வைத்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க. என்னைய அப்புறம் பாத்துக்கலாம்."

"எப்படிடீ விட்டுட்டு…"

"ஓடுங்கன்னா! ரெண்டு பேரையும் ஒண்ணா தூக்க நீங்க என்ன அனுமாரா?"

அந்த நேரத்திலும் அவளுக்கு அந்த வாய். கதவை வெளியே கயிறு போட்டுக் கட்டினேன், ஆள் இல்லாத அறைபோலத் தெரியட்டும் என்று. கட்டிய கைதான் இதை எழுதுகிறது.

நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை. கண்டி மலைநாட்டுச் சிங்கள ஜனங்கள் புது வரிகளை எதிர்த்துக் கிளம்பிய மாதம் அது. துப்பாக்கிக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்குக்கூட வரி. கோபம் அவர்களுக்கும் துரைமார்களுக்கும் இடையே. துரையின் காப்பி எரிந்தது. காப்பிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்தோம்.

ஆறு. மகாவலி. கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு சின்னத் துறை. ஆடித் தண்ணீர், செம்மண் நிறம், கரையைத் தின்றுகொண்டு போகிறது. ஓடம் அக்கரையில். அக்கரையில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். எங்களுக்குப் பின்னால் மேட்டில் துப்பாக்கி வைத்த ஊராட்கள். நடுவில் மணல்திட்டு. அதில் நாங்கள், முப்பதுக்கு மேல்.

அக்கரையிலிருந்து வெடித்தது. மேட்டிலிருந்து பதில் வெடித்தது. ஈயம் எங்கள் தலைக்கு மேலே போனது. வண்டு போகிற சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம்.

விழுந்து படுத்தேன். முத்தம்மாவின் மேல் நான். என் முகத்துக்கு நேரே ஒரு மூட்டை. மூட்டையின் மறுபக்கம் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். வெள்ளைத் தலைப்பாகை. நரைக்கத் தொடங்கிய தாடி. பக்கத்தில் இரண்டு பொதிமாடுகள். மணி கட்டிய மாடுகள். வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் மணி கிணுங்கியது.

"மூட்டைக்குள்ள என்ன ராவுத்தரே?" என்று கேட்டேன். பயத்தில் வாய் எதையாவது கேட்கும்.

"உப்பு. நனைஞ்சா நாம ரெண்டு பேரும் ஊறுகாய்தான்." தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் ராவுத்தனுமில்ல, என்கிட்ட குதிரையுமில்ல. மாடுதான் இரிக்கி. நானான்னு கூப்பிடு. எங்கட பேச்சில அண்ணன்."

மீராலெவ்வை. மடவளைக்காரர். மாட்டின் மேல் உப்பும் கருவாடும் ஏற்றி மலை ஊர்களுக்குக் கொண்டுபோய், பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்புகிறவர். நாற்பது வயதிருக்கும். அந்த மணலில் இரண்டு மூன்று நாழிகைதான் அவரை எனக்குத் தெரியும். என் தகப்பனைவிட நன்றாகத் தெரியும்.

"என் பொஞ்சாதி மேல லயத்துல கெடக்கா நானா. மாசமா இருக்கா. நடக்க முடியாது."

அவர் தலையைத் தூக்கினார். மாடுகளைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். பிறகு ஒரு சொல் சொன்னார்.

"கவுல் கேப்பமா?"

இங்கே சற்று நிற்கிறேன். இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கவுல் என்றால் சண்டைக்கு நடுவில் இரண்டு பக்கமும் கையை நிறுத்திக்கொள்வது. சமாதானம் இல்லை. சமாதானம் பெரிய வார்த்தை, அது ராஜாக்களுக்கு. கவுல் ஒரு பொழுதுக்கு. தண்ணீர் குடிக்க, பிணம் எடுக்க, பிள்ளைகளை வெளியேற்ற. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. பிற்பாடு இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ வாசல் ஏறினேன். மடவளைப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டேன். "அது அரபுச் சொல்லு. கவ்ல். அர்த்தம் 'சொன்ன சொல்'. அவ்வளவுதான்," என்றார். கண்டிச் சர்க்கார் கச்சேரியில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரிடம் கேட்டேன். "ஓம், பழைய கடுதாசியளிலை கிடக்கு. குத்தகைக்கும் கவுல் எண்டுதான் எழுதுறவை. ரெண்டு பேர் ஒத்துக்கொண்ட பேச்சுத்தானே," என்றார். கப்பல்காரர் வாயிலிருந்து துறைமுகத்துக்கு வந்து, துறைமுகத்திலிருந்து பாளையக்காரர் சண்டைக்குள் போய், கோட்டைக்குள் இருப்பவனை உயிரோடு வெளியே வரச் சொல்லி நீட்டுகிற ஓலையாகி, கடைசியில் எங்கள் கண்மாய்க் கரை வரைக்கும் வந்த சொல்.

எங்கள் கண்மாய்க் கரையில் அதற்கு ஒரு முறை இருந்தது. தண்ணீர்ச் சண்டையில் இரண்டு ஊரும் அரிவாள் எடுத்தால், யாராவது ஒருவர் கொம்பில் வெள்ளைத் துணி கட்டிக் கரையில் ஊன்றுவார். ஊன்றியதும் கவுல். இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து, இரண்டு கை சேர்த்துக் கொம்பைப் பிடுங்கினால்தான் கவுல் முடியும். ஒரு கை பிடுங்கினால் செல்லாது. கொம்பு நிற்கிறவரைக்கும் எதிராளி வீட்டு வாசல் வழியாகக்கூடப் போகலாம். நான் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு கொம்பு இரண்டு நாள் நின்றது. ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை.

மணலுக்குத் திரும்புகிறேன்.

மீராலெவ்வை தலைப்பாகையை அவிழ்க்கிறார். மாடு ஓட்டுகிற கொம்பில் கட்டுகிறார். எழுந்து நிற்கிறார். கொம்பை மணலில் ஊன்றினார்.

"கவுல்! கவுல்!"

அக்கரையைப் பார்த்து மூன்று தடவை. மேட்டைப் பார்த்து மூன்று தடவை. மேட்டுக்காரருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆளைத் தெரியும். மேலேயிருந்து ஒரு குரல், "லுணு! லுணு!" என்றது. உப்பு, உப்பு. இன்னொரு குரல், "எப்பா! எப்பா!" வேண்டாம், வேண்டாம். வெடி நின்றது. ஒருவன் துப்பாக்கியை மேட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தான். இடுப்பில் ஒரு துண்டு. அவன் வீட்டு உப்பும் இந்த மூட்டைகளிலிருந்து போனதாகத்தான் இருக்கும். ஊன்றிய கொம்பை ஒரு தடவை தொட்டான். திரும்பிப் போய்விட்டான்.

அக்கரையில் ஒரு மலாய்க்காரச் சிப்பாய் கையைக் குவித்துத் தமிழில் கத்தினான்.

"கவுல் குடுத்தாச்சு! பொம்பள புள்ளைய ஏத்துங்க! துரை கடியாரம் பாக்கிறாரு! உச்சிக்கு எக்காளம் ஊதும்! ஊதினா முடிஞ்சிச்சு!"

ஓடம் வந்தது. போனது. வந்தது. பெண்கள், பிள்ளைகள். முத்தம்மாவை ஒரு பெண்ணின் இடுப்பில் ஏற்றினேன். அப்போதுதான் அழுதாள். அவளுடைய விரல்களை என் காதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வெயிலைப் பார்த்தேன். உச்சிக்கு இன்னும் நேரம் இருப்பதாகத் தோன்றியது. லயம் அரை மைலுக்கு மேல், ஏற்றம். "போய்த் தூக்கிட்டு வந்துர்றோம்," என்றான் சடையன். எங்களோடு, எங்கள் லயத்தில் இருந்த புதுக்கோட்டைக்காரர் அண்ணன் தம்பி இருவரும் எழுந்தார்கள். லயத்தில் காய்ச்சலோடு மூக்கனும் கிடந்தான், அவர்களுடைய மாமன்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். மீராலெவ்வையின் கையைப் பிடித்தேன்.

"நானா, நான் திரும்பி வர்ற வரைக்கும் கொம்பப் பிடுங்காதீங்க. எக்காளம் ஊதினாலும் பிடுங்காதீங்க. எங்க ஊர்ல ரெண்டு கை சேந்தாத்தான் கவுல் முடியும்."

அவர் சிரித்தார். "அக்கரைல நிக்கிறவனுக்கு உங்கூர்க் கண்மாயைத் தெரியுமா தம்பி? எங்கட பக்கம் கவுலுண்டா பேச்சு. சொன்ன நேரம் வரைக்கும்தான். துணில ஒண்டுமில்ல."

"சத்தியம் பண்ணுங்க நானா."

என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "சரி. கொம்பு நிக்கும். நீ போ. கதைச்சிட்டு நிக்காத."

ஓடினோம். மேட்டுக்காரர் எங்களைத் தடுக்கவில்லை. ஒருவன் வழிகூட விட்டான். லயத்துக் கதவில் நான் போட்ட முடிச்சு இறுகியிருந்தது. சடையன் அரிவாளால் அறுத்தான். காத்தாயி மூலையில். கையில் அம்மிக் குழவி. வருகிறவன் தலையில் போட வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

கம்பளியில் அவளை வைத்து, காப்பி மரத்துக் கட்டையில் கட்டி, முன்னால் நான், பின்னால் சடையன். மற்றொரு கம்பளியில் மூக்கன். இறங்கினோம். வழியெல்லாம் சாம்பல் விழுந்தது. காப்பி இலையில் சாம்பல், அவள் வயிற்றில் சாம்பல். அவள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள்.

ஆற்றுக்கு இன்னும் இருநூறு அடி. எக்காளம் ஊதியது.

நீண்ட ஊதல் ஒன்று. குட்டை ஊதல் இரண்டு. நான் நிற்கவில்லை. கொம்பைப் பார்த்தேன். துணி ஆடிக்கொண்டிருந்தது. கொம்பு நிற்கிறது, கவுல் நிற்கிறது. என் மனதில் வேறு எதுவும் இல்லை. பயம்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

மலாய்ச் சிப்பாய் கத்தினான். "முடிஞ்சிச்சு! துணிய எறக்கு! படு!"

மீராலெவ்வை படுக்கவில்லை. எங்களைப் பார்த்தார். நாங்கள் இறங்கி வருவதைப் பார்த்தார்.

"படு! படு!" இரண்டாவது தடவை. அந்தச் சிப்பாயின் குரல் உடைந்திருந்தது.

மூன்றாவது தடவை, "அல்லாவே, படு!"

அவர் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கரை வெடித்தது. எங்களை நோக்கி அல்ல, மேட்டை நோக்கித்தான். மேட்டில் ஆட்கள் விழுந்தார்கள். மூன்று பேர் விழுந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மேடு பதில் வெடித்தது. நடுவில் வெள்ளைத் துணி.

அந்தத் துணி நின்றதால் ஓடக்காரன் திரும்பவும் வந்தான். பிற்பாடு என்னிடம் சொன்னான், துணியை மட்டும் பார்த்துத் துடுப்புப் போட்டதாக. நாங்களும் அதையே பார்த்து இறங்கினோம். கம்பளியின் பின்பக்கம் திடீரென்று கனத்தது. திரும்பினேன். சடையன் முழங்காலில் இருந்தான். "போ," என்றான். அவ்வளவுதான் சொன்னான். புதுக்கோட்டைத் தம்பி மூக்கனை அண்ணன் தோளில் போட்டுவிட்டு, ஓடி வந்து கட்டையைப் பிடித்தான்.

கொம்பைத் தாண்ட வேண்டும். ஓடம் அதற்கு அப்பால். மீராலெவ்வை உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. கை கொம்பில். ஒரு மாடு அவர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது, மணி அசையவில்லை.

"கூட்டிட்டு வந்தியா?"

"வந்துட்டோம் நானா."

காத்தாயியைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார், அந்நியப் பெண் என்று. பிறகு என்னிடம், "ரெண்டு கை எண்டு சொன்னியே. புடி," என்றார்.

பிடித்தேன். என் கை ஒன்று, அவர் கை ஒன்று. சேர்ந்து பிடுங்கினோம். மணலிலிருந்து லேசாகத்தான் வந்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். ஓடத்தில் ஏறும்போது கொம்பு என் கையில் இருந்தது. அதை ஏன் எறியவில்லை என்று தெரியாது.

கண்டியில் ஐந்து நாள். சந்தைக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டில். தெருவில் சிப்பாய்கள். யாரைப் பிடித்தார்கள், யாரைச் சுட்டார்கள் என்று காதோடு காதாகப் பேச்சு. மடவளைக்காரர்கள் மறுநாளே மீராலெவ்வையின் மையித்தை எடுத்துப்போய் அடக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். சடையனை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆறு எடுத்திருக்கும்.

ஆறாம் நாள், கீழே வேறொரு துறையில் ஆற்றைத் திரும்பக் கடந்தோம். காத்தாயியும் முத்தம்மாவும் வாடகை வண்டியில். நான் பின்னால், கொம்போடு. மடவளை. மீராலெவ்வையின் வீடு. அவர் மனைவி ஆமினா ராத்தா, ராத்தா என்றால் அக்கா, இத்தா என்கிற கைம்பெண் துக்கக் காலத்தில் இருந்தார். வெளி ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். கொம்பைத் திரையோரம் வைத்தேன். அதில் துணி சுற்றியிருந்தது. ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது.

"எப்படி நடந்த?"

நாலு வார்த்தை சொன்னேன். கவுல் கேட்டதை. பிள்ளைகளை ஏற்றியதை.

"எக்காளம் ஊதினப் பொறகு அவர் ஏன் படுக்கல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மட்டும் தெரியும். நான் சத்தியம் வாங்கினேன். என் பெண்டாட்டிக்காக வாங்கினேன். அவர் நின்றது எங்கள் நாலு பேருக்கும் இரண்டு கம்பளிக்கும். திரைக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளின் மூச்சு கேட்டது.

"நேரம் இல்ல ராத்தா. மொத வெடியிலயே விழுந்துட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றேன்.

பிறகு துணியைப் பிரிக்கிற சத்தம். மெதுவாக, சாண் சாணாக. திரை கொஞ்சம் விலகியிருந்தது. முகம் தெரியவில்லை, விரல் தெரிந்தது. விரல் துணியின் ஓட்டையில் நுழைந்து வெளியே வந்தது. அடுத்த ஓட்டை. அடுத்தது. உதட்டுக்குள் எண்ணுகிற சத்தம் கேட்டது.

"மொத வெடியிலயா?" என்று கேட்டார்.

"ஆமா ராத்தா."

அவர் திரும்பக் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எங்களை வெளியே போகச் சொல்லவும் இல்லை. பின்கட்டில் இடம் கொடுத்தார். பதினோராம் நாள் விடியும்போது காத்தாயிக்கு வலி வந்தது. ஆமினா ராத்தாதான் பிடித்தார். ஆண் பிள்ளை. அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் காத்தாயியிடம் கொடுத்தார். துவைத்த துணி. ஓட்டைகளை வெள்ளை நூலால் தைத்திருந்தார். தையல் அவ்வளவு நெருக்கம், தடவினால்தான் தெரியும். காத்தாயி தடவினாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அதன் பிறகு நான் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மடவளைச் சந்தியில் வெற்றிலை விற்றேன். பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் எழுத்துப் படித்தேன். வருஷங்கள் போய், இப்போது காப்பிக்கே சாவு வந்துவிட்டது. இலைக்கு அடியில் மஞ்சள் தூள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மலை மலையாக மொட்டை. போன மாதம் ஒரு கங்காணி, செத்த காப்பி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று ஒரு காகிதம் கொண்டுவந்தார். மேலே "கவுல்" என்று எழுதியிருந்தது. வாசித்தேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

காத்தாயி இறந்து இரண்டு வருஷம். ஆமினா ராத்தா இருக்கிறார். கண் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். இதை முதலில் அவருக்கு வாசிப்பேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கொம்பை நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான் என்ற இடத்தை உரக்க வாசிப்பேன். அவருக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் என் வாயால் சொன்ன சொல்லாக அது இருக்க வேண்டும்.

நான் கண்ணால் கண்ட கணக்கு இது. மீராலெவ்வை, மடவளை. சடையன், சிவகங்கைப் பக்கம், உடல் கிடைக்கவில்லை. மேட்டில் மூன்று பேர், பெயர் தெரியாது. அவர்களில் ஒருவன் இடுப்பில் துண்டு கட்டியிருந்தான், கொம்பைத் தொட்டவனாக இருக்கலாம். மூக்கன், ஆற்றைக் கடந்து நாலாம் நாள், காய்ச்சலில். ஒரு பொதிமாடு. உப்பு நான்கு மூட்டை, ஆற்றோடு. துணி ஒன்று, ஆறு முழம். அதில் ஏழு ஓட்டை. ஏழும் தைக்கப்பட்டவை. எனக்கு முன்னால் அவற்றை எண்ணியவர் ஆமினா ராத்தா.